உறங்கி வீட்டு ரசலையன்

இரணியலுக்கு மேற்கே ரயில் பாதையைத் தாண்டி, வலப்பக்கம் இறங்கும் சாலையில் நின்று 'உறங்கி வீடு' எங்கே என்று கேட்டால் யாரும் கைகாட்டி விடுவார்கள். வீட்டுக்கு முறையான பெயர் ஒன்று இருக்கிறது. வாசல் தூணில் 'எபெனேசர் இல்லம்' என்று பளிங்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தபால்காரரைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. அந்தக் குடும்பத்தில் பாதிப்பேர் ஐம்பதை நெருங்கும்போது கண்ணை முழுசாகத் திறக்க மாட்டார்கள். முகவாயைத் தூக்கி, நெற்றியைச் சுருக்கி, இமைக்கு அடியில் கிடைக்கிற கீற்று வழியாகத்தான் எதிரில் நிற்பவரைப் பார்ப்பார்கள். அது ஒருத்தருக்கு உறக்கமாகத் தெரியும், இன்னொருத்தருக்குத் திமிராகத் தெரியும். 'உறங்கி வீட்டுக்காரனுக்கு உறக்கத்திலயும் தலைக்கனம்' என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு.

ரசலையன் அந்த வீட்டில் பிறந்தவர். லாரியில் கிளீனராக ஏறி, டிப்பர் ஓட்டி, சவூதியில் பல வருடம் தண்ணீர் லாரி ஓட்டி, கடைசியில் ஊருக்கே திரும்பி நாராயணபெருமாள் முதலாளியின் மினி பஸ்ஸுக்கு டிரைவரானார். திங்கள்நகரில் புறப்பட்டு மணவாளக்குறிச்சி வழியாகக் கடியப்பட்டணம் வரை போய்த் திரும்புகிற வண்டி. அந்தத் தடத்தில் மீன் விற்கிற பெண்களுக்கு அவரைப் பிடிக்கும். மற்ற வண்டிக்காரர்கள் மீன் சட்டியைக் கண்டால் நிறுத்தாமல் போய்விடுவார்கள். இவர் நிறுத்துவார். சட்டி கனமாக இருந்தால் இறங்கி வந்து ஒரு கை பிடித்துத் தூக்கியும் வைப்பார். கடைசி நடை முடிந்ததும் தரையில் சிந்தின மீன் தண்ணீரை அவரே கழுவிவிடுவார்.

நாற்பத்தெட்டு வயதில் இமை இறங்கத் தொடங்கியது. முதலில் இடது கண், ஒரு வருடத்துக்குள் வலதும். ஞாயிற்றுக்கிழமை வேதப்புத்தகம் வாசிக்கும்போது ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசிப்பதை மனைவி பூங்கனி பார்த்தாள். அண்டி ஆபீஸில் நாள் முழுக்க முந்திரிப் பருப்பு தோல் உரித்துவிட்டு வருகிறவள் அவள். கண்ணில் எது மாறினாலும் அவளுக்குத் தெரியும்.

"டாக்டரிட்டக் காட்டப்பிடாதா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக் கண்ணு இப்பிடித்தான. எனக்க அப்பனுக்கும் இப்பிடித்தான் இருந்துது," என்றார் ரசலையன். கண்ணின் நிறம்போல, காதின் அமைப்புபோல அதையும் ஒரு குடும்பச் சாடையாகவே அவர் நினைத்திருந்தார்.

வண்டி ஓட்டுவதில் அவருக்கு ஒரு சங்கடமும் வரவில்லை என்று சொல்ல முடியாது. மத்தியானத்துக்கு மேல் இமை இன்னும் கனக்கும். அப்போது மருந்துக்கடையில் வாங்கின பிளாஸ்திரியை மெல்லிசாக வெட்டி, இமையை மேலே இழுத்து ஒட்டிக்கொள்வார். பார்வை தெளிவாகத்தான் இருந்தது. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் ரோடு முழுக்கத் தெரியும்.

ஒருநாள் பிளாஸ்திரி தீர்ந்து போயிருந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரி மாணவன், டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறான். சாய்ந்த தலை, மூடினது போன்ற கண்கள், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டான். "டிரைவர் உறங்கிட்டே வண்டி ஓட்டுகாரு, பாத்துக்கிடுங்க," என்று அடிக்குரலில் அவன் சொல்வதும் அதில் பதிவாகியிருந்தது. சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. கவனித்துப் பார்த்திருந்தால் அந்த வீடியோவின் முடிவில் வண்டி நிறுத்தத்தில் அலுங்காமல் நிற்பதும், கைப்பிள்ளையோடு ஒரு பெண் இறங்குகிற வரைக்கும் காத்திருப்பதும் தெரியும். அதை யாரும் கவனிக்கவில்லை.

பூங்கனிக்கு அண்டி ஆபீஸில் வைத்துத்தான் தெரிந்தது. கூட வேலை செய்கிறவள் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "இது ஒனக்க ஆளு தானட்டி?" என்று கேட்டாள். கேட்டவள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனாலும் சுற்றியிருந்த சிலர் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் நாராயணபெருமாள் தன் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு ரசலையனை உட்காரச் சொன்னார். பூதப்பாண்டிப் பக்கம் வயலும் இங்கே இரண்டு மினி பஸ்ஸும் உள்ளவர். குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவர்.

"ரசலையா, நீ உறங்கல்லன்னு எனக்குத் தெரியும் ஓய். ஏறுகவனுக்குத் தெரியாண்டாமா? பிள்ளைகள ஏத்தி அனுப்புக தாய்மாருக்குத் தெரியாண்டாமா?"

"நான் ஒருநாளும் உறங்கினதில்ல முதலாளி."

"அதத்தான் நானும் சொல்லுகேன். கண்ண நல்லாக்கிட்டு வா. வண்டி எங்கயும் போவாது."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ரசலையன் நடந்தே வீட்டுக்கு வந்தார். வழியில் இரண்டு பேர் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்றாவதாக ஒருத்தர் எதிரே வருவதைக் கண்டதும் ரப்பர் தோட்டம் வழியாகத் திரும்பிக்கொண்டார்.

பிறகு ஆஸ்பத்திரி அலைச்சல். நாகர்கோவிலில் ஒரு கண் டாக்டர் பார்த்துவிட்டு, இது கண்ணில் உள்ள கோளாறு அல்ல, நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்றார். நரம்பு டாக்டர் வேறொரு நோயாக இருக்கும் என்று நினைத்து மாத்திரை கொடுத்தார். மாதக்கணக்கில் சாப்பிட்டும் இமை ஒரு நெல்மணி அளவுகூட உயரவில்லை. கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த வயதான டாக்டர் கண்ணைத் தொடவே இல்லை. ஒரு கிளாஸ் வெள்ளத்தை நீட்டினார்.

"இது குடிக்கணும்."

ரசலையன் கிளாஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"குடிக்கும்போ சுமைக்குமோ? இருமல் வருமோ?"

அப்போதுதான் பூங்கனிக்கு விளங்கியது. கொஞ்ச காலமாக அவர் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. 'நீ தின்னு, நான் பொறவு தின்னுகேன்' என்பார். கிழங்கும் மீன்கறியும் என்றால் உயிரை விடுகிறவர், கிழங்கை ஒதுக்கிவிட்டுக் கஞ்சி கேட்கத் தொடங்கியிருந்தார். தொண்டையில் இறங்காமல் இருமி இருமிக் கண்ணீர் விடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றிருக்கிறார்.

"என்னிட்ட எதுக்கு மறச்சிய?" என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டாள்.

"சொன்னா நீயும் தின்ன மாட்ட," என்றார்.

ரத்தத்தை எங்கோ அனுப்பிச் சோதித்த முடிவு வந்தது. நோய்க்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பெயர். கண் இமையையும் தொண்டையையும் மெல்ல மெல்லத் தளர்த்துகிற தசை நோய், குடும்ப வழியில் வருவது, குணமாக்க மருந்து இல்லை, இமையை ஆபரேஷன் செய்து தூக்கிவிடலாம் என்று டாக்டர் விளக்கினார். பிறகு ஒன்று கேட்டார். இந்த மாதிரிச் சங்கதிகளை ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் இருக்கிறார், உங்கள் மாவட்டத்துக்காரர்தான், அவர் உங்கள் வீட்டுக்கு வந்து பேசலாமா என்று. ரசலையன் சரி என்றார். தன் கண்ணைப் பற்றி ஒருவர் வீடு தேடி வந்து கேட்கப் போகிறார் என்பதே அவருக்குப் புதுசாக இருந்தது.

சிவப்ரியா ஒரு சனிக்கிழமை வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தாழக்குடியில் வயல் உள்ள குடும்பம், இப்போது பெங்களூரில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. சோபாவில் உட்காராமல் சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு தாளில் சதுரமும் வட்டமும் வரைந்து, அப்பா, அத்தை, அக்கா என்று வரிசையாகக் கேட்டாள். யாருக்கெல்லாம் இமை இறங்கினது என்று அவர் சொல்லச் சொல்ல அந்தக் கட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்தாள். பேச்சிப்பாறையில் கட்டிக்கொடுத்த அக்கா நெஞ்சில் சளி கட்டி இறந்தாள் என்று அவர் சொன்னபோது, "சோறு தொண்டையில சிக்குமா அவங்களுக்கு?" என்று கேட்டாள். ரசலையன் யோசித்தார். அக்கா கல்யாண வீடுகளில் சாப்பிடாமல் திரும்பி வந்துவிடுவாள், அதைக் கௌரவம் பார்க்கிறாள் என்று எல்லோரும் பேசியது நினைவுக்கு வந்தது.

"எனக்கு அப்பிடி என்னதான் தப்பா இரிக்கு மேடம்? டாக்டர் சொன்னது ஒண்ணும் வெளங்கல்ல."

"மேடம்னு சொல்லாதீங்க அண்ணாச்சி. பேரு சொல்லுங்க." அவள் பேனாவை மூடி வைத்தாள். "நம்ம உடம்புல வேல செய்யதெல்லாம் புரதம். முட்டையில, பயறுல இருக்கே, அந்தப் புரதம்தான். மணிமாலை கோக்குக மாதிரி அமினோ அமிலம்னு சின்னச் சின்ன மணியா கோத்துதான் ஒவ்வொரு புரதமும் உண்டாகுகு. இருவது வகை மணி உண்டு. பொதுவா கலந்து கலந்துதான் வரும். சில புரதத்துல மட்டும் ஒரே மணி அடுத்தடுத்து வரும். உங்களுக்குக் கோளாறு உள்ள புரதத்துல அலனின்னு ஒரு மணி எல்லாருக்கும் வரிசையா பத்து இருக்கும். உங்களுக்குப் பதிமூணு."

"மூணு கூடிப் போச்சு."

"மூணுதான் கூடிப் போச்சு."

ரசலையன் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒரு வீட்டுக்குப் பரம்பரையாகக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது மூன்று மணி என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எப்பிடிக் கூடும்?"

"எங்க வீட்டுல ஸ்ரீராமஜெயம் எழுதுவாங்க. பக்கம் பக்கமா ஒரே சொல்லு. எழுதிட்டே இருக்கும்போ எத்தனன்னு எண்ணம் தப்பிப் போவும். வேற வேற வரியா இருந்தா தப்பாது. ஒரே சொல்லு திரும்பத் திரும்ப வந்தா தப்பும். தலமுறை தலமுறையா உடம்பு தன்னைப் பாத்துத் தானே எழுதுகுல்லா, அதுலயும் இப்பிடித்தான். உங்க வீட்டுல எப்பவோ ஒரு பாட்டனுக்கோ பாட்டிக்கோ எண்ணம் தப்பியிருக்கு. அதுக்குப் பொறவு அந்தப் பதிமூணு அப்பிடியே இறங்கி வந்திருக்கு."

"எங்க பாட்டுலயும் அப்பிடித்தான். அல்லேலூயா அல்லேலூயான்னு வருக இடத்துலதான் பாதிப்பேரு வரி விட்டுப் பாடுவானுவ," என்றார் ரசலையன். சிவப்ரியா சிரித்தாள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

"அப்போ இந்தப் பத்து எதுக்கு? அது ஆளுக்கு என்ன உபகாரம் செய்யுகு?"

"அதுதான் அண்ணாச்சி எனக்க ஆராய்ச்சியே. உண்மையச் சொன்னா, இந்தப் பத்து எதுக்குன்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது. பழத்துல மொய்க்குக சின்ன ஈ இருக்குல்லா, அதுக்கும் இதே புரதம் உண்டு. அதுல இந்தப் பத்து மணி வரிசையே கெடையாது. அது இல்லாமலே பறக்குகு."

"ஈக்கு வேண்டாத்தது எனக்கு எதுக்கு?"

"ஒரே மணி வருக இடம் சீக்கிரம் நீளும், சீக்கிரம் குறையும். மத்த இடம் மாற லெச்சக்கணக்குல வருஷம் எடுக்கும், இந்த மாதிரி இடம் அதுக்கு முந்தியே மாறிரும். அதனால உயிருகள் புதுசு புதுசா மாறுகதுக்கு இதும் ஒரு வழியா இருந்திருக்கும்னு நாங்க நெனைக்கோம். நாய்கள்ல சிலதுக்கு மூஞ்சி நீளம், சிலதுக்குச் சப்ப. அதுக்கும் எலும்பு வளத்துக புரதம் ஒண்ணுல இப்பிடித் திரும்பத் திரும்ப வருக வரிசை கூடுகதும் குறையதும் ஒரு காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சி சொல்லுகு. நல்லதும் அந்த எடத்துலதான் வருகு. கெட்டதும் அங்கதான் வருகு."

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பூங்கனி, "கெட்டத மட்டும் தள்ளிவிட ஒரு வழியும் இல்லியா பிள்ளே? இத்தன காலமா இது அழியாம இருக்குகே," என்றாள்.

சிவப்ரியா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சின்ன வயசுலயே கொல்லுக நோயின்னா அது பிள்ளைகளுக்கு இறங்காது அக்கா, அதோட நின்னு போவும். இது அம்பது வயச ஒட்டித்தான வருகு. அதுக்குள்ள பிள்ள பெத்து வளத்து முடிச்சிருப்பாங்க. அதனால இயற்கைக்கு இது கண்ணுலயே படுகதில்ல."

"அதாவது, எனக்க வேல முடிஞ்சதுக்குப் பொறவு எனக்கு என்ன ஆனாலும் அதுக்குக் கணக்கில்ல," என்றார் ரசலையன்.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

ரசலையன் மறுபடி கேட்டார்: "அப்போ எனக்க அப்பனுக்கும் இந்தப் பதிமூணுதான?"

"அப்பிடித்தான் இருந்திருக்கும்."

அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். பிறகு, பூங்கனியிடம்கூட அதுவரை முழுசாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அவருடைய அப்பா ஞானசிகாமணி ஆலயத்தில் மணி அடிக்கிறவர். வெள்ளையடிக்க, பாய் விரிக்க, விளக்குத் துடைக்க எல்லாம் அவர்தான். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் கண் இறங்கி, நடையும் தளர்ந்து போனது. குடிக்கிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை, சபையார் வரிசையாக முழங்காலில் நிற்க, போதகர் பாத்திரத்தை அவர் வாயில் வைத்தார். ஒரு மிடறு திராட்சை இரசம் தொண்டையில் இறங்காமல் அடைத்துக்கொண்டது. அவர் இருமினார். உள்ளே போனது அப்படியே வெளியே வந்து, மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் சிதறியது. போதகரின் அங்கியிலும் தெறித்தது. அன்று மத்தியானமே கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கர்த்தருடைய இரத்தத்தைத் துப்பினவன் என்றார்கள். குடித்துவிட்டு வந்தால் அப்படித்தான் ஆகும் என்றார்கள்.

"எனக்க அப்பன் கள்ளுகூடக் குடிச்சதில்ல. 'எறங்கல்ல, நான் என்ன செய்ய'ன்னு மட்டும் சொல்லிட்டே இருந்தாரு. ஒருத்தரும் நம்பல்ல. அம்மயே நம்பல்ல. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு, நானும்தான் நம்பல்ல. அந்த வேலையும் போச்சு. அதுக்குப் பொறவு அவரு ஆலயத்துக்குப் போவல்ல. நாலு வருஷம் கழிச்சு, கிழங்கு தொண்டையில அடச்சு மரிச்சாரு."

சிவப்ரியா தாளைச் சதுரமாக மடித்தாள், பிறகு விரித்தாள். போகும்போது, "எனக்க ஆராய்ச்சியால உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல அண்ணாச்சி. அதச் சொல்லாமப் போவக் கூடாது," என்றாள்.

"இல்ல பிள்ளே," என்றார் அவர். "எறங்கல்லன்னு அவரு சொன்னது பொய்யில்ல, நேருதான்னு ஒன்னால தெரிஞ்சுதே."

அடுத்த வாரம் அவர் போதகரைப் பார்க்கப் போனார். இப்போதுள்ள போதகர் இளவயதுக்காரர், வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். டாக்டர் கொடுத்த தாளையும் வாங்கிப் பார்த்தார். கேட்டு முடித்ததும், "இதச் சபையில சொல்லணும்னு விரும்புகீங்களா?" என்றார். ரசலையன் ஆமாம் என்றார்.

"சொல்லலாம். ஆனா யாரிட்ட சொல்ல? அன்னைக்குக் கமிட்டியில இருந்தவங்க ஒருத்தரும் இப்ப இல்லியே."

அது உண்மைதான். ரசலையன் வெளியே வந்து, அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு கிழவரைத் தேடிப் போனார். ஞானசிகாமணியோடு சேர்ந்து பாட்டுக் குழுவில் பாடினவர். திருவிருந்து நாளைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எந்த ஞானசிகாமணி? கொத்தனாரா?" என்று கேட்டார்.

அந்தப் பழி அப்பாவின் வாழ்க்கையையே முடித்துவிட்டது. ஊருக்கு அது நினைவில்கூட இல்லை. ரசலையன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பாவின் கல்லைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிவிட்டு வந்தார். அதைப் பற்றிப் பிறகு யாரிடமும் பேசவில்லை.

இமை ஆபரேஷன் நன்றாக நடந்தது. இமையை இழுத்து நெற்றித் தசையோடு கட்டிவிட்டார்கள். உறங்கும்போதும் ஒரு கீற்றுக் கண் திறந்தே இருக்கும், அதனால் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். ஆனால் விழித்திருக்கும்போது கண்கள் அகலத் திறந்திருந்தன. மகன் எட்சனின் மனைவி பெமிலா, "மாமா, உங்க கண்ணு இத்தன பெருசா?" என்று வியந்தாள். எட்சன் குவைத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான். பெமிலா பிரசவத்துக்கு முந்தின மாதங்களில் மாமனார் வீட்டில்தான் இருந்தாள்.

டாக்டர் சான்றிதழோடு போய் நின்றபோது நாராயணபெருமாள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். தற்காலிகமாகப் போட்டிருந்த டிரைவரை மற்ற வண்டிக்கு மாற்றிவிட்டு ரசலையனுக்குச் சாவியைத் தந்தார். முதல் நாள் காலையில் கடியப்பட்டணத்தில் மீன் சட்டியோடு ஏறின பெண்கள் அவர் முகத்தை எட்டிப் பார்த்தார்கள். "முழிச்சாச்சா அண்ணே?" என்று ஒருத்தி கேட்டாள். வண்டி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். இந்தச் சிரிப்பு அவரை நோகடிக்கவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் கால் கனக்கத் தொடங்கியது. இது தொடையையும் தளர்த்தும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கிளட்சை மிதிக்க இடது காலைத் தூக்கும்போது அது சொன்ன நேரத்துக்கு வரவில்லை. கையால் தொடையைப் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒருநாள் மணவாளக்குறிச்சிச் சந்திப்பில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. பிரேக்கில் வைக்க வேண்டிய கால் அரை நொடி தாமதித்தது. ஒன்றும் ஆகவில்லை, ஸ்கூட்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். வண்டியில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்த அரை நொடி ரசலையனுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று கடைசி நடை முடிந்து, தரையைக் கழுவிவிட்டு, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"என்ன ஓய், இப்பத்தான் எல்லாம் சரியாச்சு," என்றார் நாராயணபெருமாள்.

"கண்ணு சரியாச்சு முதலாளி. காலு போச்சு."

"ஆரும் ஒண்ணும் சொல்லல்லியே."

"ஆரும் சொல்லுகதுக்கு முந்தித் தரணும்னுதான்."

நாராயணபெருமாள் வாசல்வரை கூட வந்து ஆட்டோ பிடித்து அனுப்பினார். ரசலையன் அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை. சாலையில் அந்த மினி பஸ்ஸின் ஹார்ன் கேட்டால் மட்டும், அது சரியான நேரத்துக்குப் போகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்.

இதற்கெல்லாம் நடுவில் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்த ஒரு விஷயம் இருந்தது. எட்சனிடம் யார் சொல்வது? மகனுக்கும் இந்த நோய் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தம் கொடுத்தால் இப்போதே தெரிந்துகொள்ளலாம், ஆனால் கட்டாயம் இல்லை, தெரிந்தால் செய்யக்கூடியது எதுவும் இப்போது இல்லை, அவனே முடிவு எடுக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார். பூங்கனிக்குச் சொல்ல மனசில்லை. பெமிலாவின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வேறு வேலை தேடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள்.

கடைசியில் ரசலையன்தான் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே எட்சனுக்கு விடுமுறை நாள், வீடியோ காலில் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னார். சிவப்ரியா சொன்னதுபோலவே மணிமாலையில் தொடங்கினார். பாதியில் குழப்பி, திரும்பத் தொடங்கிச் சொன்னார். பெமிலாவும் பக்கத்தில் இருந்து கேட்டாள். எட்சன் இடைமறிக்கவில்லை. சொல்லி முடித்ததும், "சோதிச்சாப் பதிமூணா பத்தான்னு தெரியும், அவ்வளவுதான?" என்று கேட்டான்.

"அவ்வளவுதான்."

"வேண்டாம் அப்பா. பதிமூணுன்னு தெரிஞ்சா இருவத்தஞ்சு வருஷம் அதையே நெனச்சிட்டு எப்பிடி வண்டி ஓட்டுகது? வருகப்போ வரட்டு."

பெமிலாவின் முகத்தை ரசலையன் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவும் இல்லை. பிறகு அவள் எழுந்து உள்ளே போய், எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். மாமனாருக்குக் கொஞ்சம் கெட்டியாக, தொண்டையில் இறங்கும்படி ராகிமாவு கலந்து கொண்டுவந்தாள். அந்த வழியை ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. எட்சன் ஒரு மாத விடுப்பில் வந்து போனான். அதன் பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் போன் வருகிறது. ஒருநாள் பேச்சின் நடுவே எட்சன் சட்டென்று நிறுத்தினான்.

"அப்பா, நீங்க எனக்க மொகத்தயா பாக்குகீங்க, கண்ணயா?"

அவன் சந்தேகம் சரிதான். அவன் வேலையைப் பற்றிச் சொல்கிறான், வெயிலைப் பற்றிச் சொல்கிறான். இவர் அதில் ஒன்றையும் கேட்காமல், கைப்பேசியை முகத்துக்கு அருகே பிடித்து, இடது இமை வலது இமையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று அளந்துகொண்டிருக்கிறார். அவனுக்கு இருபத்தேழு வயதுதான் ஆகிறது. இருந்தாலும் அதுதான் நடக்கிறது.

"ஒண்ணும் இல்ல மக்கா, வெட்டம் சரியா இல்ல, மொகம் இருட்டாத் தெரியுகு, அதான்," என்றார்.

அன்றிலிருந்து போன் வந்தால் அவர் வாங்குவதில்லை. பூங்கனியின் கையில் கொடுத்துவிட்டு, திரை தெரியாத பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். எட்சன் பேசுவதை அங்கிருந்தே கேட்கிறார், இடையிடையே பதிலும் சொல்கிறார். குரல் அவருக்கு நன்றாகக் கேட்கிறது.